கிரேக்க மெஸே மேசை: எட்டுப் பேருக்கு, இரண்டு நாள் முன்பிருந்து கடைசித் தட்டு வரை

நண்பர்கள் கூட்டத்தைக் கிரேக்கர்கள் 'பரேயா' என்பார்கள். பரேயா ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்ததும் நடுவில் ஒவ்வொன்றாக வந்து சேரும் சின்னத் தட்டுகள்தான் மெஸே. பன்மையில் மெஸேதெஸ். பாரசீகத்தில் 'சுவை' என்று பொருள்படும் சொல் துருக்கி வழியாகக் கிரேக்கத்துக்கு வந்தது. ஹோட்டல் மெனுக்களில் இவற்றை ஸ்டார்ட்டர் பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். ஆனால் இதற்குப் பின்னால் பெரிய சாப்பாடு ஒன்று வந்தாக வேண்டும் என்பதில்லை. மூன்று மணி நேரம் பேசிக்கொண்டே இதையே சாப்பிட்டு, வயிறு நிறைந்து எழுந்து போகலாம்.

மெஸே மேசையில் சமைத்தவரும் உட்கார வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அதை மனதில் வைத்தே எழுதப்பட்டது. நம் வீட்டு விருந்தில் பரிமாறுகிறவர் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார். அதற்கு அதன் அழகு உண்டு. மெஸே வேறு மாதிரி. அடுப்படியில் ஒருவர் நின்றால் பரேயாவில் ஒரு ஆள் குறைந்துபோகிறது. நான் முதன்முதலில் செய்தபோது பதினோரு வகை வைத்தேன். அதில் ஆறு சுடச்சுட வர வேண்டியவை. எல்லோரும் ரசித்துச் சாப்பிட்டார்கள், ஆனால் அன்றைக்கு நான் யாரோடும் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேசவில்லை. அடுத்த முறையிலிருந்து கணக்கை மாற்றிக்கொண்டேன்.

எட்டுப் பேருக்கு எட்டு வகை போதும். நான்கை முதல் நாளே செய்து வைத்துவிடலாம். ஒன்றுக்கு அடுப்பே வேண்டாம். ஒன்று ஃப்ரீசரிலிருந்து நேராக ஓவனுக்குப் போகும். ஒன்றை விருந்தாளிகள் வருவதற்குச் சற்று முன் பொரிக்கலாம். கடைசி ஒன்றுக்கு மட்டும்தான் நீங்கள் மேசையை விட்டு எழுந்திருக்க வேண்டும், அதுவும் ஐந்து நிமிடம்.

சைவ விருந்தாளிகள் வருகிறார்களா? கவலை வேண்டாம். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் நோன்பு நாட்களில் இறைச்சி, பால், முட்டை, மீன் எல்லாம் விலக்கு. அந்த நோன்புச் சமையலிலிருந்து வந்த பருப்பு, கத்திரிக்காய், திராட்சை இலைப் பண்டங்கள் மெஸேயில் நிறைய உண்டு. கீழே வரும் ஃபாவா, மெலித்ஸானோசலாத்தா, தொல்மதாக்கியா மூன்றும் அந்த வகைதான். ஒரு விஷயம் மட்டும் கவனம்: பாரம்பரிய முறையில் செய்யும் ஃபெட்டாவில் பாலைத் திரிக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட் சேர்ப்பார்கள். கண்டிப்பான சைவர்கள் இருந்தால் சீஸ் பொட்டலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

கடைக்குப் போகும்போது

எண்ணெயில் சிக்கனம் பார்க்காதீர்கள். இந்த எட்டு வகையில் பாதிக்கு மசாலா என்று எதுவுமே கிடையாது. உப்பு, எலுமிச்சை, பூண்டு, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். எண்ணெய் மட்டமாக இருந்தால் அதை மறைக்க வேறு எதுவும் இல்லை. 'எக்ஸ்ட்ரா வர்ஜின்' ஒரு லிட்டர் வாங்குங்கள், செலவாகிவிடும்.

ஃபெட்டா என்ற பெயரை ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் கிரேக்கத்துக்கு மட்டுமே உரியதாகப் பதிவு செய்தது. டென்மார்க்கும் ஜெர்மனியும் எதிர்த்து வழக்குப் போட்டன. 2005-இல் ஐரோப்பிய நீதிமன்றம் கிரேக்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த விதிப்படி ஃபெட்டாவில் குறைந்தது 70 சதவீதம் செம்மறியாட்டுப் பால், மீதி வெள்ளாட்டுப் பால். பசும்பாலுக்கு இடமில்லை. வெளியில் 'ஃபெட்டா மாதிரி' விற்கும் பசும்பால் சீஸும் உப்புக் கரிக்கும், ஆனால் அந்தப் புளிப்பும் ஆட்டுப்பால் மணமும் அதில் இருக்காது. தண்ணீரில் மிதக்கும் கட்டியாகவே வாங்குங்கள், உதிர்த்து விற்பது உலர்ந்துபோயிருக்கும். மொத்தம் 500 கிராம் தேவை.

மற்றவை: கலமாட்டா ஆலிவ் 250 கிராம், காய்ந்த ஓரிகானோ, உப்பு நீரில் போட்ட திராட்சை இலை ஒரு பாட்டில், கேப்பர் (உப்பில் ஊறிய சின்னப் பூமொட்டு) சிறிது, ஃபிலோ மாவுத் தாள் ஒரு பொட்டலம், கடைசித் தட்டான சகனாகிக்கு, அதாவது பொரித்த சீஸுக்கு, கெட்டியான சீஸ், நல்ல மேலோடுள்ள ரொட்டி. காய்கறிக் கடையில் சதகுப்பைக் கீரை, புதினா, பார்ஸ்லி, எலுமிச்சை ஒரு டஜன்.

இரண்டு நாள் முன்பு: தயிரும் ஃபிலோவும்

ஒரு கிலோ கொழுப்பு எடுக்காத தயிரை மெல்லிய துணியில் கட்டி, சல்லடையில் வைத்து, அடியில் பாத்திரம் வைத்து ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். வெளியே தொங்கவிட்டால் நம் வெயிலில் புளித்துவிடும். புதிதாக உறைந்த தயிராக இருக்கட்டும். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய பாதியாக வற்றி, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்துக்கு வரும்.

அன்றைக்கே திரோபிதாக்கியாவையும் மடித்துவிடலாம். சீஸ் அடைத்த சின்ன முக்கோணங்கள் இவை. 300 கிராம் ஃபெட்டாவை முட்கரண்டியால் உதிர்த்து, ஒரு முட்டை, வடித்த தயிர் இருந்தால் இரண்டு மேசைக்கரண்டி, மிளகுத்தூள், நறுக்கிய புதினா சேர்த்துப் பிசையுங்கள். உப்பு வேண்டாம். ஃபிலோ தாளை 7 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி, உருக்கிய வெண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ தடவி, ஓரத்தில் ஒரு தேக்கரண்டிப் பூரணம் வைத்து மடியுங்கள். சமோசா பட்டி மடித்துப் பழகிய கைக்கு இது சொல்லித்தர வேண்டியதே இல்லை. எடுக்காத தாள்களை ஈரத்துணியால் மூடியே வைத்திருங்கள். ஐந்து நிமிடம் காற்றுப் பட்டாலும் அப்பளமாக நொறுங்கும். மடித்தவற்றை ஒட்டாமல் அடுக்கி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.

முதல் நாள்: தொல்மதாக்கியா

அரிசி அடைத்த திராட்சை இலைச் சுருள்கள். இந்த மேசையில் அதிக நேரம் கேட்பது இதுதான். அதனால் முதலில் இதில் தொடங்குங்கள். இறைச்சி இல்லாத தொல்மதாக்கியாவுக்குக் கிரேக்கத்தில் 'யலாந்ஜி' என்றும் பெயர். துருக்கியில் அந்தச் சொல்லுக்குப் 'பொய் சொல்பவன்' என்று பொருள். உள்ளே கறி இருப்பது போலக் காட்டி ஏமாற்றுகிறதாம்.

நாற்பது இலைகளை நன்றாகக் கழுவி, சுடுநீரில் ஐந்து நிமிடம் போட்டு உப்பை இறக்குங்கள். கொடியிலிருந்து பறித்த பச்சை இலை கிடைத்தால், மருந்து அடிக்காததாகவும் இளசாகவும் பார்த்து, கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுக்க வேண்டும்.

பூரணத்துக்கு இரண்டு பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, அரை கப் ஆலிவ் எண்ணெயில் நிறம் மாறாமல் வதக்குங்கள். ஒரு கப் கழுவிய பச்சரிசி சேர்த்து இரண்டு நிமிடம் கிளறி, அரை கப் தண்ணீர் விட்டு, நீர் வற்றியதும் இறக்குங்கள். அரிசி அரைவேக்காட்டுக்கும் குறைவாகத்தான் இருக்கும், அதுதான் சரி. பாஸ்மதி வேண்டாம், உதிரி உதிரியாக நிற்கும். குட்டை அரிசிதான் சேர்ந்து பிடிக்கும். ஆறியதும் ஒரு கைப்பிடி சதகுப்பைக் கீரை, அரைக் கைப்பிடி புதினா, ஒரு எலுமிச்சையின் சாறு, உப்பு, மிளகு.

இனிச் சுருட்டுவது. இலையின் பளபளப்பான பக்கம் கீழே, நரம்பு தெரியும் பக்கம் மேலே. காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, காம்பிருந்த பக்கம் உங்களைப் பார்க்க வையுங்கள். அந்த இடத்துக்குச் சற்று மேலே ஒரு தேக்கரண்டி பூரணம், அதற்கு மேல் வேண்டாம். கீழ் இரண்டு மடல்களைப் பூரணத்தின் மேல் போடுங்கள். இடது ஓரத்தை உள்ளே, வலது ஓரத்தை உள்ளே. அப்புறம் இலை நுனி வரை உருட்டுங்கள். சுண்டுவிரல் பருமனுக்கு வரும். இறுக்கிச் சுருட்டக் கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். அரிசி இன்னும் ஊதும், இறுக்கமாக இருந்தால் இலை வெடித்துவிடும். முதல் ஐந்தாறு கோணலாகத்தான் வரும், பத்தாவதிலிருந்து கை தானாகப் போகும்.

கிழிந்த இலைகளைப் பாத்திரத்தின் அடியில் பரப்பி, சுருட்டியவற்றை மடிப்பு கீழே இருக்கும்படி நெருக்கமாக அடுக்குங்கள். கால் கப் எண்ணெய், ஒரு எலுமிச்சையின் சாறு, மூழ்கும் அளவுக்குச் சுடுநீர் விட்டு, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வையுங்கள். தட்டின் பாரம் இல்லாவிட்டால் கொதியில் புரண்டு பிரிந்துவிடும். மூடிபோட்டு மிகக் குறைந்த தீயில் 40 நிமிடம். அணைத்த பிறகு அந்தப் பாத்திரத்திலேயே ஆறட்டும். இரவு முழுக்க ஊறினால் மறுநாள் ருசி கூடும்.

முதல் நாள்: ஃபாவா

பெயரைப் பார்த்து மொச்சை மாதிரி இருக்கும் ஃபாவா பீன்ஸ் வாங்கிவிடாதீர்கள். கிரேக்கத்தில் ஃபாவா என்றால் மஞ்சள் பருப்பைக் குழைய வேகவைத்துச் செய்யும் கடைசல். பெயர் பெற்றது சாண்டோரினித் தீவின் ஃபாவா. அது காட்டுப் பட்டாணி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் பருப்பு, அதற்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பெயர் உண்டு. அதே தீவில், எரிமலைச் சாம்பலுக்குள் புதைந்து கிடந்த அக்ரோதீரி என்ற வெண்கலக்கால ஊரை அகழ்ந்தபோது, அங்கிருந்த சேமிப்பில் இந்தப் பருப்பு கிடைத்தது. மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக ஒரே மண்ணில் ஒரே பருப்பைக் கடைந்து சாப்பிட்டுவருகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும்.

நமக்கு மளிகைக்கடையில் கிடைக்கும் உடைத்த மஞ்சள் பட்டாணிப் பருப்பு போதும்; கிரேக்கத்திலும் பல வீடுகளில் அதுதான். 250 கிராம் பருப்பைக் கழுவி, ஒரு லிட்டர் தண்ணீரில் கொதிக்கவிட்டு, நுரையை எடுத்துவிட்டு, இரண்டாக வெட்டிய வெங்காயம் ஒன்றைப் போட்டு, சிறு தீயில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். குக்கரிலும் வைக்கலாம், ஆனால் கடைசியில் திறந்து வைத்துக் கிளறி வற்றவிட வேண்டும். உப்பு வெந்த பிறகுதான். வெங்காயத்தோடு சேர்த்து மசித்து, நான்கு மேசைக்கரண்டி எண்ணெயும் அரை எலுமிச்சையின் சாறும் விட்டு அடித்துக் கலக்குங்கள். இட்லி மாவை விடத் தளர்வாக இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். ஆறும்போது தானாக இறுகும்.

இங்கே நம் கை தாளிப்புக் கரண்டியைத் தேடும். மஞ்சள், சீரகம், கறிவேப்பிலை எதுவும் வேண்டாம். பரிமாறும்போது மேலே பொடியாக நறுக்கிய பச்சை வெங்காயம், கேப்பர், தாராளமாக எண்ணெய். வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி கேப்பருடன் மேலே போட்டால் அதைக் 'கல்யாணமான ஃபாவா' என்பார்கள்.

முதல் நாள்: கத்திரிக்காயும் வெள்ளரியும்

மெலித்ஸானோசலாத்தா என்பது சுட்ட கத்திரிக்காய். கொத்சுக்குச் சுடுவது போலத்தான்: ஒரு கிலோ பெரிய கத்திரிக்காயைக் குத்திவிட்டு நேரடித் தீயில், தோல் முழுக்கக் கருகி உள்ளே தளர்ந்து சரியும் வரை திருப்பித் திருப்பிச் சுடுங்கள். மூடி வைத்து, ஆறியதும் உரித்தெடுங்கள். கருகல் போகவில்லை என்று குழாயடியில் கழுவினால் புகை மணமும் சேர்ந்து போய்விடும். கையை மட்டும் நனைத்துக்கொண்டு உரியுங்கள். சதையைச் சல்லடையில் அரைமணி நேரம் வடியவிட்டு, கத்தியால் கொத்துங்கள். மிக்ஸியில் போட்டால் பசையாகிவிடும். நசுக்கிய பூண்டு ஒரு பல், வினிகர் ஒரு மேசைக்கரண்டி, எண்ணெய் நான்கு, உப்பு, பார்ஸ்லி.

ட்சாட்ஸிகி செய்வது சுலபம், சொதப்புவதும் சுலபம். பெரும்பாலும் காரணம் வெள்ளரியில் இருக்கும் தண்ணீர்தான். ஒரு பெரிய வெள்ளரியை விதை நீக்கித் துருவி, அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு இருபது நிமிடம் விடுங்கள். பிறகு ஒரு பிடி எடுத்து முஷ்டியை மடக்கிப் பிழியுங்கள். முதல் பிழிவில் பச்சை நீர் ஒழுகி ஊற்றும். நின்றுவிட்டது என்று தோன்றும்போது கையைத் திறந்து, துருவலைத் திருப்பி வைத்து மறுபடி பிழியுங்கள், அதே அளவு இன்னொரு முறை வரும். மூன்றாவது முறையில் சொட்டாக வரும், அப்போதுதான் சரி. கையில் மிஞ்சுவது எலுமிச்சை அளவு உருண்டைதான். இப்படி எல்லாவற்றையும் பிழிந்து, வடித்த தயிரில் கலந்து, உப்போடு இடித்த பூண்டு இரண்டு பல், எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, வினிகர் ஒன்று, சதகுப்பைக் கீரை சேருங்கள். பூண்டு இரவில் இன்னும் காரமேறும், அதனால் மூன்றாவது பல் வேண்டாம்.

விருந்தன்று

கெஃப்தேதெஸ் என்பது பொரித்த கறி உருண்டை. கிரேக்கர்கள் பெரும்பாலும் மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் கலந்து செய்வார்கள். ஆட்டுக் கொத்துக்கறியிலும் நன்றாக வரும். 500 கிராம் கறிக்கு, நனைத்துப் பிழிந்த பழைய ரொட்டி இரண்டு துண்டு, துருவிய பெரிய வெங்காயம் ஒன்று, முட்டை ஒன்று, நறுக்கிய புதினா ஒரு கைப்பிடி, ஓரிகானோ ஒரு தேக்கரண்டி, வினிகர் ஒரு மேசைக்கரண்டி, உப்பு, மிளகு. வெங்காயம் நறுக்கியது அல்ல, துருவியதாக இருக்க வேண்டும். உருண்டைக்குள் ஈரம் அதிலிருந்துதான் வருகிறது. நன்றாகப் பிசைந்து ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, எலுமிச்சை அளவை விடச் சிறிதாக உருட்டி, மைதாவில் புரட்டிப் பொரியுங்கள். பட்டை, கிராம்பு வேண்டாம். சீரகம் போட்டு நீள உருண்டையாகச் செய்து தக்காளிச் சாறில் வேகவைப்பது சுட்ஸுகாக்கியா என்ற வேறு பண்டம். 1922-இல் ஸ்மிர்னா நகரம் (இன்று துருக்கியின் இஸ்மிர்) எரிந்தபோது ஆசியா மைனரிலிருந்து அகதிகளாக வந்த கிரேக்கர்கள் கொண்டுவந்தது அது. இன்றைய கிரேக்க மேசையில் அவர்கள் கைமணம் நிறைய இருக்கிறது.

கெஃப்தேதெஸ் வெதுவெதுப்பாக இருந்தாலும் ருசிதான். அதனால் விருந்தாளிகள் வருவதற்கு அரைமணி நேரம் முன் பொரித்து முடித்து, முகம் கழுவிக்கொள்ளுங்கள்.

ஃபாவா, கத்திரிக்காய், தொல்மதாக்கியா மூன்றையும் முக்கால் மணி நேரம் முன்னதாகவே ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். சில்லிட்ட ஆலிவ் எண்ணெய் உறைந்து, வாயில் ஒட்டும். ட்சாட்ஸிகி மட்டும் கடைசி வரை குளிர்ச்சியில் இருக்கட்டும். மிச்சமுள்ள 200 கிராம் ஃபெட்டாவை ஒரே கட்டியாகத் தட்டில் வைத்து, எண்ணெய் விட்டு, ஓரிகானோவை உள்ளங்கைகளுக்கு இடையில் தேய்த்துத் தூவுங்கள். பக்கத்தில் ஆலிவ்.

மேசையில்

எல்லாம் நடுவில். ஆளுக்கு ஒரு சின்னத் தட்டு, ஒரு முட்கரண்டி, கைக்கு எட்டும் தூரத்தில் ரொட்டி. சுவரோரம் பஃபே மாதிரி அடுக்கினால் ஒவ்வொருவரும் தட்டை நிரப்பிக்கொண்டு தனித்தனி மூலைக்குப் போய்விடுவார்கள். ஒரே கிண்ணத்தில் நான்கு கைகள் ரொட்டியைத் தோய்க்கும்போதுதான் பேச்சு வரும்.

எட்டையும் ஒரேயடியாக வைக்காதீர்கள். 'சிகா சிகா' என்பார்கள், மெதுவாக மெதுவாக. முதலில் ஆலிவ், ஃபெட்டா, ரொட்டி, ட்சாட்ஸிகி. எல்லோரும் வந்து சேர்ந்ததும் ஃபாவா, கத்திரிக்காய், தொல்மதாக்கியா. அந்த நேரத்தில் ஃப்ரீசரில் இருக்கும் முக்கோணங்களை 180 டிகிரி ஓவனில் வைத்து, 25 நிமிடத்துக்கு மணி வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். அவை வந்த பிறகு கெஃப்தேதெஸ்.

குடிப்பவர்கள் இருந்தால் ஊசோ. சோம்பு மணமுள்ள சாராயம் அது, தண்ணீர் விட்டதும் பாலாக வெளுக்கும். சோம்பிலுள்ள எண்ணெய் சாராயத்தில் கரையும், தண்ணீரில் கரையாது. அதுதான் அந்த வெண்மை. முதலில் தண்ணீர், அப்புறம்தான் ஐஸ். கிரேக்கத்தில் பக்கத்தில் தட்டு இல்லாமல் ஊசோவைத் தொட மாட்டார்கள். ட்சிபுரோ என்பது திராட்சைச் சக்கையிலிருந்து வடிக்கும் சாராயம். வோலோஸ் நகரத்து ட்சிபுரோ கடைகளில், சின்ன பாட்டில் ஒன்று கேட்டால் கூடவே ஒரு மெஸே வரும், அடுத்த பாட்டிலுக்கு வேறொரு மெஸே. குடிக்காதவர்களுக்கு எலுமிச்சையும் புதினாவும் போட்ட குளிர்ந்த தண்ணீர். எந்தக் கோப்பையாக இருந்தாலும் தூக்கி 'யாமாஸ்' சொல்லலாம். நம் உடல்நலத்துக்கு என்று பொருள்.

கடைசித் தட்டு

சகனாகி என்பது இரண்டு கைப்பிடி வைத்த சின்ன வாணலியின் பெயர். அதில் பொரிக்கும் சீஸுக்கும் அதே பெயர். கெஃபலோதிரி அல்லது கிராவியேரா என்ற கெட்டி சீஸ் வேண்டும். கிடைக்காவிட்டால் சைப்ரஸின் ஹலூமி. பனீர் ஒத்துவராது, அதில் உப்பும் முதிர்ச்சியும் இல்லை. ஒன்றரை செ.மீ. கனத்துக்கு வெட்டி, தண்ணீரில் முக்கி, உடனே மைதாவில் புரட்டி, உதறி, முன்கூட்டியே தட்டில் அடுக்கி வைத்திருங்கள். சகனாகியில் சாராயம் ஊற்றித் தீ வைக்கும் வழக்கம் கிரேக்கத்தினுடையது அல்ல, சிகாகோவின் கிரேக்க உணவகங்களில் 1960-களில் தொடங்கியது. வீட்டில் அது தேவையில்லை.

கெஃப்தேதெஸ் தட்டு பாதி காலியாகி, பேச்சு நன்றாகச் சூடு பிடித்த நேரத்தில் எழுந்திருங்கள். வாணலியில் அரை அங்குல எண்ணெய், நல்ல சூடு. ஒரு பக்கம் ஒன்றரை நிமிடம், பொன்னிறம் வந்ததும் ஒரே ஒரு முறை திருப்பல், மறுபக்கமும் அவ்வளவே. அணைத்து, அரை எலுமிச்சையைப் பிழிந்து, வாணலியோடு மேசைக்குக் கொண்டுபோங்கள். ஆறினால் ரப்பராகிவிடும், அதனால் உங்கள் துண்டை நீங்களே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.